இரவு வானுக்கு ஒரு காவல்

பயிரைக் காக்க வேலி வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் வேலியின் முள் பயிரின்மேலேயே சாய்ந்து கிடக்குமாயின், அதை நிமிர்த்திக் கட்டுவதும் உழவன் கடமையே. நாட்டைக் காக்கும் படைக்கும் நாட்டில் வாழும் மக்களுக்கும் இடையே இத்தகைய சிக்கல்கள் எழுவதுண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். போர்விமானங்கள் இரவு நேரத்தில் தரையை ஒட்டிப் பறந்து பயிற்சி செய்கின்றன. அந்தப் பயிற்சிக்கு எவ்வாறு வரம்பு கட்டுவது? கட்டிய வரம்பு மீறப்படவில்லை என்பதை எவ்வாறு கண்டறிவது? இவையே நம்முன் உள்ள கேள்விகள். இத்துறையில் நெடுங்கால அனுபவம் உடையது பிரிட்டன். ஆகவே அந்நாட்டு ஏற்பாட்டை முதன்மையாக எடுத்துக்கொண்டு, வேறு சில நாடுகளின் அனுபவத்தையும் ஆங்காங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

விமானம் என்றாலே உயரப் பறப்பது என்றுதான் நாம் எண்ணுகிறோம். அவ்வாறிருக்க, மலைக்கும் மரத்துக்கும் மேலே சில நூறு அடி உயரத்தில் விரையும் ஆபத்தான வித்தையைப் படைவீரர் ஏன் பழகவேண்டும்? விடை ராடாரில் இருக்கிறது. ராடார் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும் இயல்புடையவை. பூமியோ உருண்டை, அதன்மேல் குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் உண்டு. மிக உயரத்தில் வரும் விமானத்தை நெடுந்தொலைவிலேயே ராடார் கண்டுகொள்ளும். தரையை ஒட்டி, குன்றின் மறைவில் வரும் விமானமோ அண்மையில் வரும்வரை அதன் பார்வைக்கு அகப்படாது. இருட்டும் துணை நின்றால் மனிதர் கண்ணுக்கும் அகப்படாது. இதற்காகவே, தரையின் மேடுபள்ளத்தைத் தானே உணர்ந்து அதற்கேற்ப ஏறி இறங்கும் ராடார் கருவியை டொர்னாடோ போன்ற விமானங்களில் பொருத்தினார்கள். நட்சத்திர ஒளியையே பெருக்கிக் காட்டும் கண்ணாடிகளும் பின்னர் வந்தன. போர்முனையில் காயமுற்றோரை இருளில் சென்று மீட்கும் ஹெலிகாப்டர் ஓட்டிக்கும் இதே திறமை தேவை. இத்திறமை நூலைப் படித்து வருவதன்று. பழகப் பழக வருவது, பழக்கம் விட்டால் மறைவது.

தேவை என்பது என்றும் மாறாத ஒன்றா என்பதையும் இங்கேயே கேட்டுவிடுவது நல்லது. 1991ஆம் ஆண்டு ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கியபோது, பிரிட்டிஷ் டொர்னாடோ விமானங்கள் இரவில் தாழப் பறந்து இராக்கின் விமானத் தளங்களைத் தாக்கின. சில விமானங்கள் இழக்கப்பட்டன. சில நாட்களுக்குள்ளாகவே, தாழப் பறக்கும் முறையை விட்டு, நடுத்தர உயரத்திலிருந்து தாக்கும் முறைக்கு அவை மாறின. இதனால் தாழப் பறத்தல் பயனற்றது என்று முடிவுகட்ட இயலாது. வலிமை மிக்க வான்காப்பு உடைய பகைவனை எதிர்க்கையில் அதுவே உயிர் காக்கலாம். ஆனால் ஓர் உண்மை புலனாகிறது: “படைக்குத் தேவை” என்ற சொல் அளந்து பார்க்க முடியாத மந்திரச்சொல் அன்று. எவ்வளவு தேவை, எந்த விமானத்துக்குத் தேவை என்று காலந்தோறும் கேட்டு எடைபோடவேண்டிய சொல் அது.

இனி, தரையில் இருப்பவன் நிலையைப் பார்ப்போம். வேகமான போர்விமானம் பயிற்சியில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு விநாடிக்கு 230 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தொலைவில் விமானம் எழுப்பிய ஓசை நம் காதை அடைய மூன்று விநாடி ஆகிறது. விமானமே நம் தலைக்குமேல் வந்துவிட நாலேகால் விநாடிதான் ஆகிறது. ஆகவே, ஓசை காதில் விழுந்து ஒன்றரை விநாடிக்குள் இடி தலைமேல் நிற்கும்! இடையில் ஒரு குன்று இருந்து ஓசையை மறைக்குமானால் அந்த அவகாசமும் இல்லை. நகரத்து விமான நிலையத்தருகே வாழ்பவன் ஓசை சிறுகச் சிறுகப் பெருகி வருவதைக் கேட்கிறான்; அதற்கு அவன் செவி பழகியும் போகலாம். பள்ளத்தாக்கில் உறங்கும் உழவனுக்கோ இது பழகும் ஓசை அன்று. அமைதியின் நடுவே, முன்னறிவிப்பின்றி விழும் அடி அது. குழந்தை அலறி எழுகிறது. கொட்டிலில் நிற்கும் குதிரை மிரண்டு கட்டை அறுக்கிறது. இருட்டில் வேலியை நோக்கி ஓடும் ஆட்டுமந்தைக்குக் கேடு விளைகிறது. பகலில் அண்ணாந்து பார்த்து, “விமானந்தான்” என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இரவில் அந்த ஆறுதலும் இல்லை.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு பிரிட்டன் வகுத்த ஏற்பாடு யாது? முன்பு குறிப்பிட்ட சில பாதைகளில்தான் தாழப் பறக்கலாம் என்ற முறை இருந்தது. அப்பாதைகளின் அடியில் வாழ்ந்தவர்களே முழுச் சுமையையும் தாங்கினார்கள். 1979ஆம் ஆண்டில் அம்முறை மாற்றப்பட்டது. நாடு முழுவதிலும் உள்ள திறந்த வான்வெளியை எண்ணிட்ட பல பகுதிகளாகப் பிரித்து, சுமையை எங்கும் பரப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். தரையிலிருந்து 2,000 அடி வரை உள்ள வான்வெளி இந்த ஏற்பாட்டுக்கு உட்பட்டது. வேக விமானங்களுக்குப் பொதுவான குறைந்தபட்ச வரம்பு 250 அடி. இந்த 250 அடி என்பது தலைக்குமேல் உள்ள உயரத்தை மட்டும் குறிப்பதன்று. மலைச்சரிவாயினும் கட்டடமாயினும் மரமாயினும், எத்திசையிலும் எப்பொருளிலிருந்தும் விமானம் விலகி நிற்கவேண்டிய தூரம் அது. மத்திய வேல்ஸ், ஸ்காட்லாந்தின் வடபகுதி, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறம் ஆகிய மூன்று இடங்களில் மட்டும், தனி அனுமதியுடன் 100 அடி வரை இறங்கலாம். பெருநகரங்கள், மருத்துவமனைகள், குதிரைப் பண்ணைகள், அபாயமான தொழிற்சாலைகள் முதலியன விலக்கப்பட்ட இடங்கள். பறக்க விரும்பும் படைப்பிரிவு முன்னதாகவே ஓர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சனி, ஞாயிறுகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் வேக விமானங்கள் பொதுவாகத் தாழப் பறப்பதில்லை.

இரவுக்கு மேலும் ஒரு பாகுபாடு உண்டு. பகலில் விமானிகள் ஒருவரை ஒருவர் கண்டு விலகிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது. இருட்டில் அந்த நம்பிக்கை செல்லாது. ஆகவே இரவில் நாட்டைத் தனித்தனிப் பிரிவுகளாக்கி, எந்தப் பிரிவை யார் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே ஒதுக்குகிறார்கள். உயர்ந்த கம்பங்களும் காற்றாலைகளும் இருளில் விமானிக்கு எமனாகலாம். ஆதலால் அவற்றின் உச்சியில் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு விளக்குகளைப் பொருத்துமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்கிறது. விமானியின் இரவுக் கண்ணாடிக்கு அவ்விளக்கு தெரியும். கீழே உறங்குபவன் கண்ணை அது உறுத்தாது. படையின் தேவையும் மக்களின் அமைதியும் ஒருங்கே நிறைவேற வழி உண்டு என்பதற்கு இந்தச் சிறு விளக்கே சான்று.

இயற்கையும் இங்கே ஒரு சிக்கலைப் புகுத்துகிறது. டிசம்பர் மாதத்தில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைகிறான். மக்கள் படுக்கைக்குச் செல்லுமுன் பல மணி நேரம் இருளில் பயிற்சி செய்து முடித்துவிடலாம். ஜூன் மாதத்திலோ ஸ்காட்லாந்தின் வடகோடியில் நள்ளிரவிலும் வானம் முழுதும் இருள்வதில்லை. கோடையில் இருட்டுப் பயிற்சி வேண்டுமென்றால் ஊர் உறங்கும் வேளையில்தான் பறக்கவேண்டும். ஆகவே இரவுப் பயிற்சியை முடிந்தவரை குளிர்காலத்து முன்னிரவில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. கடிகாரத்தை மட்டுமன்றிப் பஞ்சாங்கத்தையும் பார்த்து எழுதவேண்டிய விதி இது.

விதிகள் மக்களின் உறக்கத்துக்காக மட்டும் ஏற்பட்டவை என்று எண்ணிவிடலாகாது. அவை விமானிகளின் உயிரையும் காப்பன. 1988ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் கம்பிரியா மாவட்டத்தில் மில்பர்ன் என்னும் சிற்றூருக்கு அருகே, பயிற்சியில் ஈடுபட்டிருந்த இரண்டு டொர்னாடோ விமானங்கள் மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த நால்வரும் மாண்டனர். 2012ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் மோரே வளைகுடாவின்மேல் மீண்டும் இரண்டு டொர்னாடோக்கள் மோதின, மூவர் இறந்தனர். அது பகலில் நேர்ந்தது. விமானங்களில் மோதலை முன்னறிவிக்கும் கருவி இல்லாமையைப் பிந்திய விபத்தின் விசாரணை ஒரு குறையாகச் சுட்டிக்காட்டியது. நாட்டுக்காகப் பயிலும் இளைஞர்கள் சொந்த நாட்டு வானிலேயே, சொந்தத் தோழர் விமானத்தின்மேல் மோதி மடிவதைவிடக் கொடுமை வேறென்ன? ஆகையால் ஒழுங்கை வற்புறுத்துபவன் படைக்குப் பகைவன் அல்லன். அவனே அதன் உண்மை நண்பன்.

சரி, விதிகள் இருக்கின்றன. அவை நடைமுறையில் காக்கப்படுகின்றன என்பதற்கு உறுதி என்ன? இங்கேதான் பகலுக்கும் இரவுக்கும் உள்ள பெரிய வேற்றுமை தலைகாட்டுகிறது.

பகலில் ஒவ்வொரு குடிமகனும் ஒரு மேற்பார்வையாளன். விமானத்தின் வடிவை அவன் காண்கிறான். எந்த மாதாகோயில் கூரையின்மேல் எவ்வளவு தாழ்வாகச் சென்றது என்று சொல்கிறான். வேல்ஸ் நாட்டுப் பள்ளத்தாக்குகளில் மலைச்சரிவில் அமர்ந்து, தமக்குக் கீழே பறந்து செல்லும் போர்விமானங்களைப் படம் பிடிக்கும் ஆர்வலர்களே பலர் உண்டு! இந்தக் கண்களெல்லாம் அரசாங்கத்துக்குச் செலவில்லாமல் கிடைக்கும் காவற்கண்கள். இரவு வந்ததும் இக்கண்கள் அனைத்தும் மூடிக்கொள்கின்றன. எஞ்சி நிற்பது செவி ஒன்றே. விமானம் எவ்வளவு உயரத்தில் சென்றது, எந்த வகையைச் சேர்ந்தது, எந்நாட்டுக்குரியது என்பவற்றைச் செவியால் உறுதிபடக் கூற முடியுமா? முடியாது. புகார் எழுதுபவன், “பேரொலி கேட்டது, வீடு அதிர்ந்தது” என்றுதான் எழுத முடியும். “விதிக்கு உட்பட்டே பறந்தோம்” என்று விடை வருமானால், அதை மறுக்க அவனிடம் சான்று ஏதும் இல்லை. எனவே, பகலில் பாதி வேலையை மக்களின் கண்ணே செய்துவிடுகிறது. இரவில் அவ்வேலை முழுவதையும் அரசாங்கமே செய்தாக வேண்டும். இதுவே நான் வற்புறுத்த விரும்பும் கருத்து.

பிரிட்டிஷ் அரசாங்கம் இதை அடியோடு மறந்துவிடவில்லை. பாதுகாப்பு அமைச்சு புகார்களைப் பெற்றுக்கொள்கிறது. விமானப்படைப் போலீசார் அவற்றை விசாரிப்பதுண்டு. ‘ஸ்கைகார்டு’ என்னும் நகரும் ராடாரை நாட்டுப்புறங்களில் கொண்டுபோய் நிறுத்தி, செல்லும் விமானங்களின் உயரத்தையும் வேகத்தையும் அளந்திருக்கிறார்கள். பகை விமானத்தை நோக்கிப் பீரங்கியைக் குறிவைப்பதற்கென்று அமைந்த கருவி அது. அதையே தம் விமானங்கள் ஒழுங்காகப் பறக்கின்றனவா என்று பார்க்கப் பயன்படுத்தியது பாராட்டத்தக்க செயல். ஜெர்மனியிலும் இத்தகைய ராடார் சோதனை நடந்ததுண்டு. எனினும் இரண்டு குறைகள் எஞ்சுகின்றன. ஒன்று, நகரும் ராடார் ஒரு நாளில் ஓர் இடத்தில்தான் நிற்கும். நாட்டின் இரவோ எங்கும் பரந்து கிடக்கிறது. மற்றொன்று, பறப்பவரும் அளப்பவரும் ஒரே படையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் நேர்மையில் நமக்கு ஐயம் வேண்டுவதில்லை. ஆயினும் தன் கணக்கைத் தானே தணிக்கை செய்துகொள்ளும் வணிகன் எவ்வளவு நாணயமானவனாயினும், கூட்டாளிக்கு மனநிறைவு உண்டாவதில்லை அன்றோ?

ஓசையை அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகால் குறிப்பர். நாள் முழுவதும் எழும் ஓசையைக் கூட்டிச் சராசரி காண்பது வழக்கம். இரவு ஓசை அதிகம் வருத்தும் என்பதால், இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை எழும் ஓசைக்கு 10 டெசிபெல் கூட்டிக் கணக்கிடும் முறை அமெரிக்காவில் உண்டு. இதன் பொருள், இரவில் ஒரு விமானம் பறந்தால் பகலில் பத்து விமானங்கள் பறந்ததற்குச் சமம் என்பதே. தாழப் பறக்கும் விமானத்தின் ஓசை திடீரென்று எழுவதால், அந்தத் திடுக்கீட்டுக்காக 11 டெசிபெல் வரை மேலும் கூட்டும் முறையையும் அந்நாட்டு விமானப்படை கையாண்டிருக்கிறது. இவை நல்ல திருத்தங்கள். எனினும் சராசரி என்பது எப்போதும் ஒரு மூடுதிரை. மாதத்துக்கு ஒருமுறை நள்ளிரவில் எழும் பேரிடியை, அம்மாதத்தின் எல்லா மணி நேரங்களுக்கும் பங்கிட்டால், இடி தேய்ந்துபோய்விடும். ஆனால் விழித்தெழுந்த குழந்தையின் அச்சம் பங்கிடப்படுவதில்லை. எனவே சராசரியோடு, ஒவ்வொரு பறப்பின் உச்ச ஓசையையும் அது எழுந்த நேரத்தையும் தனித்தனியே குறித்துவைப்பதே நேர்மையான கணக்காகும்.

நீதிமன்றம் சென்றால் தீர்வு கிடைக்காதா என்று சிலர் கேட்கலாம். இதற்கு இரண்டு வழக்குகளைக் கூறலாம். அவை விமானத் தளங்களை அடுத்து எழுந்த வழக்குகள்; ஆயினும் அவற்றின் தத்துவம் இங்கும் பொருந்தும். இங்கிலாந்தில் விட்டரிங் விமானத் தளத்தை அடுத்து ஒரு பழைய மாளிகை உண்டு. பயிற்சி விமானங்களின் இரைச்சலை எதிர்த்து அதன் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2003இல் தீர்ப்பு வந்தது. தொல்லை உண்மையே என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டு, 9,50,000 பவுன் ஈடு வழங்கியது. ஆனால் பயிற்சியை நிறுத்துமாறு ஆணையிட மறுத்தது. ஜப்பானில் அட்சுகி விமானத் தளத்தைச் சுற்றி வாழ்வோர் வழக்குத் தொடுத்தபோது, தற்காப்புப் படை விமானங்கள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பறக்கலாகாது என்று யோகோஹாமா மாவட்ட நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் அத்தடையை நீக்கிவிட்டது. இரு நாடுகளிலும் மக்களுக்குப் பணம் கிடைத்தது, அமைதி கிடைக்கவில்லை. நாட்டின் பாதுகாப்பு என்று சொன்னால் நீதிபதிகளும் தயங்குவார்கள். ஆதலால் தீர்வை வழக்கு மன்றத்தில் தேடுவதைவிட, விதியிலும் கண்காணிப்பிலும் தேடுவதே மேல்.

சுமையை வேறெங்காவது அனுப்பிவிடுவதும் தீர்வு ஆகாது. மேற்கு ஜெர்மனியில் சில பகுதிகளில் 75 மீட்டர் உயரம் வரை இறங்கிப் பறந்தார்கள். 1988 டிசம்பரில் ரெம்ஷைட் நகரில் ஓர் அமெரிக்கப் போர்விமானம் குடியிருப்புகளின்மேல் விழுந்தபின் மக்களின் எதிர்ப்பு ஓங்கியது. 1990இல் குறைந்தபட்ச உயரம் 300 மீட்டராக உயர்த்தப்பட்டது. இதனிடையே ஐரோப்பிய விமானப்படைகள் கனடாவின் லாப்ரடோர் பகுதியில் உள்ள கூஸ் பே தளத்தில் தாழப் பறந்து பழகின. அங்கே மனிதர் இல்லையா? இன்னு என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழும் நிலம் அது. அவர்கள் 1988இல் விமான ஓடுபாதைக்குள்ளேயே புகுந்து மறியல் செய்தார்கள். ஆள் குறைந்த இடம் என்பது ஆளில்லாத இடம் ஆகிவிடாது. பலர் உறங்குவதற்காகச் சிலர் விழித்திருக்க வேண்டுமென்றால், அந்தச் சிலருக்கு நாம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கண்காணிப்புக்கு ஜப்பான் ஒரு வழி காட்டுகிறது. அங்குள்ள அமெரிக்கப் படைகளின் தாழ்நிலைப் பயிற்சி குறித்து 1999 ஜனவரியில் இரு அரசாங்கங்களும் ஓர் உடன்பாடு கண்டன. ஜப்பானிய விமானச் சட்டத்தில் உள்ள குறைந்தபட்ச உயரங்களையே, அதாவது வீடுகள் நெருங்கிய இடங்களில் 300 மீட்டரையும் பிற இடங்களில் 150 மீட்டரையும், அமெரிக்க விமானங்களும் கைக்கொள்ளும் என்பது அதன் சாரம். உடன்பாடு மட்டும் போதுமென்று உள்ளூர் நிர்வாகங்கள் வாளாவிருக்கவில்லை. ஹிரோஷிமா மாகாண நிர்வாகம், விமானத்தைக் கண்டவர், ஓசையைக் கேட்டவர் தரும் செய்திகளை நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு தொகுத்து வெளியிட்டுவருகிறது. ஒருவர் கேட்ட ஓசை ஐயத்துக்குரியதாகலாம். ஒரே இரவில், ஒரே பள்ளத்தாக்கில், நாற்பது பேர் அடுத்தடுத்த நிமிடங்களில் கேட்ட ஓசை வரைபடத்தில் ஒரு கோடாகவே தெளிந்து நிற்கும் அல்லவா? செவிகள் பல ஒன்றுசேர்ந்தால் கண்ணுக்கு ஈடாகும்.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு தெளிவானது. இரவுப் பயிற்சிக்கு நான்கு கட்டுப்பாடுகள் வேண்டும். முதலாவது, உயரமும் நேரமும் வெளிப்படையாக எழுதப்பட்ட விதி. இரண்டாவது, முன்னறிவிப்பு. பிரிட்டனின் மூன்று தனிப்பயிற்சிப் பகுதிகளுக்குக் கால அட்டவணை வெளியிடப்படுவது போல், இன்ன வாரத்தில் இன்ன பகுதியில் இரவில் பறப்போம் என்று அறிவித்தால், குதிரையைக் கொட்டிலில் அடைப்பவன் அடைப்பான். குழந்தைக்குச் சொல்லி வைப்பவள் சொல்லி வைப்பாள். எதிர்பார்த்த இடிக்கு அச்சம் பாதி. மூன்றாவது, கருவியின் சாட்சி. விமானத்தின் பாதையும் உயரமும் பதிவாக வேண்டும். புகார் வந்தால் அப்பதிவு எடுத்துப் பார்க்கப்பட வேண்டும். நான்காவது, படையைச் சாராத ஒருவரின் மேற்பார்வை. அவர் அப்பதிவைக் கண்டு, விதி மீறப்பட்டதா இல்லையா என்பதைப் பொதுமக்களுக்குக் கூற வேண்டும்.

“படை இரகசியம் வெளிப்பட்டுவிடுமே!” என்று ஓர் எதிர்ப்பு எழும். விமானம் என்ன கருவியைச் சுமந்தது, எந்த உத்தியைப் பயின்றது என்பன இரகசியமாகவே இருக்கட்டும். அவற்றை எவரும் கேட்கவில்லை. அது சென்ற இடமும் நேரமும் எப்படி இரகசியமாகும்? ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் விழித்தெழுந்து கேட்ட செய்தி அல்லவா அது!

இரவு என்பது உழைத்தவனுக்கு இயற்கை தந்த கூலி. அதில் ஒரு பகுதியை நாட்டின் காவலுக்காகக் கேட்டால் மக்கள் மறுக்கமாட்டார்கள். எவ்வளவு எடுக்கப்பட்டது, எதற்காக எடுக்கப்பட்டது, வரம்புக்குள் எடுக்கப்பட்டதா என்ற கணக்கை மட்டுமே அவர்கள் கேட்கிறார்கள். பகலில் அக்கணக்கை அவர்கள் கண்ணே பார்த்துக்கொள்ளும். இருளில் அவர்கள் சார்பில் பார்க்க ஒரு கண்ணை அமைத்துக் கொடுப்பது, அவர்கள் பெயரால் படை நடத்தும் அரசாங்கத்தின் கடமையாகும்.